எட்டு மீனும் எதிர்க்காற்றும்

எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து அண்ணன் இருக்கும் ஊர் விமான நிலையம் எவ்வளவு தூரம்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே ஒரு மாதம் நான் எல்லோர் உயிரையும் வாங்கினேன். கேட்ட ஆளுக்கு ஒரு பதில். போன் கிலோமீட்டரில் சொன்னது. விமானக் கம்பெனியில் மைல் கணக்கில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் "ரொம்ப தூரம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார். தம்பியைக் கேட்டபோது அவன் வாயையே திறக்கவில்லை. அண்ணன் என்ற சொல் வந்தால் மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ காது மந்தமாகிவிடும்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் மூத்தவன், நடுவில் நான், தம்பி கடைக்குட்டி. அண்ணன் பல வருஷங்களுக்கு முன்பே கடல் தாண்டிப் போய், அங்கே ஒரு பெரிய நகரத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறான். தம்பி இங்கே வண்ணமீன் வளர்க்கிறான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட், அதில் மூன்று அடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொரு தொட்டியிலும் காற்றுக்குழாய் இடைவிடாமல் கொப்பளித்துக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் வெளியே மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். நான் அங்கே வருகிற ஆர்டரைப் பார்க்கிறேன், மீன் கட்டுகிறேன், தம்பியைத் திட்டுகிறேன். சம்பளம் முதல் இரண்டுக்குத்தான்.

ஒருவன் வளர்க்கிறான், ஒருவன் விற்கிறான். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் ஒரு பெட்டி. கடை திறப்புக்கு என்று அண்ணன் தம்பியிடம் நாற்பது டிஸ்கஸ் குஞ்சுகள் கேட்டான். டிஸ்கஸ் என்பது தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும் மீன். அழகும் ஜாஸ்தி, அற்பக் காரணத்துக்குச் செத்துப்போகும் குணமும் ஜாஸ்தி. தம்பி கட்டி அனுப்பினான். திறப்பு நாளன்று காலையில் அண்ணன் பெட்டியைப் பிரித்தபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை. வந்திருந்தவர்கள் முன்னால் நின்று அவன் செத்த மீனை வாளியில் அள்ளியிருக்கிறான். அந்தச் சூடு ஆறுவதற்குள் போன் போட்டு, "கழிச்சுப் போட்ட மீனையெல்லாம் என் தலையில கட்டிட்டியா?" என்று கேட்டுவிட்டான். தம்பி பதிலுக்கு, "பெட்டியை எடுக்காம நீ எங்க தூங்கிட்டு இருந்தே?" என்று கேட்டான்.

ஆளுக்கு ஒரு வாக்கியம். அதோடு சரி. அந்தச் சமயத்தில் நான் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தேன். நான் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் தலைமுழுகி முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான்தான் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரி. அண்ணனுக்கு இவன் 'உன் தம்பி'. தம்பிக்கு அவன் 'உன் அண்ணன்'. இரண்டு பேரையும் நான்தான் பெற்றேன் என்பது போலப் பேசுவார்கள்.

அப்படி இருக்கையில், ஒரு நாள் அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டான். அந்த ஊர்க் குளிரைப் பற்றி, என் காலைப் பற்றி, என் வீட்டுக்காரரின் தொப்பையைப் பற்றி எல்லாம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், உன் தம்பியிடம் நாற்பது டிஸ்கஸ் கிடைக்குமா என்று கேட்டான். மீனுக்கா பஞ்சம்? அவன் இருக்கும் ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் மீன் விற்கிறார்கள். அவன் கேட்டது மீனை இல்லை என்று எனக்குப் புரிந்தது. 

தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்துகொண்டே அனுப்பலாம் என்றான். பஞ்சை இரண்டாவது தடவை பிழிந்தான். பிறகு, "இந்தத் தடவையும் செத்துச்சுன்னா அதோட விட்டுடணும்க்கா. நீயும் நடுவுல நின்னு இழுத்துக்கிட்டு இருக்கக் கூடாது" என்றான்.

 அவன் சும்மா சொல்லும் ஆள் இல்லை. பெட்டி உயிரோடு போய்ச் சேர்ந்தால் எனக்கு இரண்டு கூடப்பிறந்தவர்கள். செத்துப் போனால், ஒரு அண்ணன் தனி, ஒரு தம்பி தனி, நான் சாகும் வரை நடுவில். அதனால் நான் ஒரு முடிவு எடுத்தேன். முதல் பெட்டி ஏன் செத்தது என்று தெரியாமல் இரண்டாவது பெட்டியில் ஒரு மீன் வாலைக்கூட வைக்க விடமாட்டேன்.

மீன் கட்டுவது முழுக்க முழுக்க நேரக் கணக்கு. பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி இடத்துக்கு ஆக்ஸிஜன், வாயில் இறுக்கமாக ரப்பர் பேண்ட். கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே மீனைப் பட்டினி போட்டுவிடுவோம். தின்ற மீன் பைக்குள்ளேயே அசிங்கம் பண்ணும், பிறகு அந்தத் தண்ணீரே அதற்கு விஷம். பை கட்டியதிலிருந்து அவிழ்க்கும் வரை எத்தனை மணி நேரம் என்று தெரிந்தால்தான் ஒரு பைக்கு எத்தனை மீன், எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிக்க முடியும். அன்றைக்கு எந்த நேரத்தை வைத்துக் கட்டினாய் என்று தம்பியைக் கேட்டேன். விமானத்துக்குப் பதினாலு மணி நேரம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காத்துக் கிடக்க இன்னொரு எட்டு என்றான். பதினாலு என்று யார் சொன்னது என்றேன்.

"உன் அண்ணன்தான்."

சரி, பிடி கிடைத்தது என்று நினைத்தேன். அந்தப் பதினாலு சரியா தப்பா என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டுத் தூரத்தைப் பார்த்தேன். விமானம் என்ன வேகத்தில் பறக்கும் என்று பார்த்தேன். வகுத்தால் ஏறக்குறையப் பதினைந்து வந்தது. ரொம்பத் தப்பு இல்லை. ஆனால் அந்த விமானம் போகும் பாதையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணன் ஊர் நமக்கு மேற்கே இருக்கிறது. ஒழுங்காக மேற்கே போகாமல் அந்தக் கோடு வடக்கே ஏறி, பனி மூடிய நாடுகளுக்கு மேலே போய், அங்கிருந்து வளைந்து இறங்கியது. ஊருக்குப் புதிதாய் வந்தவனை ஆட்டோக்காரர் சுற்றிக் காட்டுவாரே, அந்த மாதிரி. இவர்கள் ஊர் சுற்றியதில்தான் என் தம்பி மீன் செத்தது என்று ஷெட்டில் நின்று சத்தம் போட்டேன்.

தம்பி விற்பனைக்கு வைத்திருந்த உருண்டைக் கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். அதன் மேல் பேனாவால் இரண்டு புள்ளி வைக்கச் சொன்னான். நமக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. ஒரு நூலை எடுத்து ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இறுக்கி இழுக்கச் சொன்னான். நான் நேராக, ஜாடியின் வயிற்றை ஒட்டியே வைத்துப் பிடித்தேன். இறுக்க இறுக்க நூல் தானாக வழுக்கி மேலே ஏறியது. கழுத்துப் பக்கம் வளைந்துதான் நின்றது. மறுபடி கீழே இழுத்து வைத்தேன். மறுபடி ஏறியது. கீழே வைத்தால் நூல் போதவில்லை, மேலே வைத்தால் மிச்சம் விழுந்தது.

அதாவது, சுற்றுவது போல் தெரிவதுதான் குறுக்கு வழி. தட்டையான படத்தில் பார்ப்பதால்தான் அது வளைவாகத் தெரிகிறது. எனக்கு ஒரே ஆச்சரியம். அன்று முழுக்க அந்த ஜாடியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஊர்களுக்கெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. தம்பிக்கு இது எப்படித் தெரியும்? அவனும் எப்போதோ இந்த ஜாடியை எடுத்து, அண்ணன் ஊருக்கு நூல் இழுத்துப் பார்த்திருக்கிறான். அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காது மந்தமாகியிருக்கும்.

வழி தப்பில்லை என்றால் வேறெங்கே தப்பு? அடுத்த வாரம் இன்னொரு ஊருக்கான பெட்டிகளைச் சேர்க்க விமான நிலையத்துச் சரக்கு ஆபீசுக்குப் போனேன். நீளமான கொட்டகை, எடை மேடை, சக்கர வண்டிகளின் தடதட சத்தம். அங்கே பெட்டிகளை வாங்கிப் பதியும் அதிகாரி ஒருவர் உண்டு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுபவர். நான் வந்தால் அவருக்கு அரை நாள் வேலை கெடும், அவருக்கும் தெரியும், இருந்தாலும் நாற்காலி போடுவார். அண்ணன் ஊருக்குப் பதினாலு மணி நேரம்தானே என்று கேட்டேன். இல்லை, பதினாறரை என்றார். என் அண்ணன் பதினாலு என்றானே என்றேன்.

"அது அங்கேருந்து இங்க வர்றதுக்கும்மா. இங்கேருந்து போறதுக்குப் பதினாறரை. குளிர்காலம்னா இன்னும் கொஞ்சம் இழுக்கும்."

ஒரே தூரம், ஒரே விமானம், போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரமா? என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறீர்களா என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறதாம். வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும். போகும்போது முகத்தில் அறையும். குளிர்காலத்தில் அந்த ஆற்றில் வெள்ளம்.

இது மட்டும் எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் ஷெட்டில் பம்ப் தண்ணீர் விழும் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் மீன்கள் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். அத்தனை உழைப்பும் நகராமல் இருப்பதற்கு. அண்ணன் கடை திறந்ததும் நல்ல குளிர்காலத்தில்தான். ஆக, அண்ணன் வரும் வழி நேரத்தைப் போகும் வழி நேரம் என்று சொல்லிவிட்டான். அவனும் ஒரு தடவை இங்கிருந்து போனவன்தானே, அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லையா? அவனை ஒரு வாங்கு வாங்குவதற்காக வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போன் போட்டேன்.

பதினாலு மணி நேரம் என்று எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் கடையின் காற்றுக்குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஷெட்டில் கேட்கும் அதே சத்தம்.

"அப்பாவுக்கு முடியலைன்னு நீ சொன்னியே, அன்னைக்கு வந்தேனே. சீட்டுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல பிளேன் நகர்றது தெரியும். ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கலை. முகத்தைப் பார்ப்பேனா மாட்டேனான்னு... அந்தப் பதினாலு மணி நேரமும் எனக்கு மனப்பாடம்."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அன்று அவன் வந்து சேர்ந்தான். அப்பா அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

போகும்போது எத்தனை மணி நேரம் ஆனது என்று மெதுவாகக் கேட்டேன். "போகும்போது எவன் மணி பார்த்தான்?" என்றான். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தானாம்.

ஆக விஷயம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். யாருடைய குற்றமும் இல்லை, எல்லாம் காற்றின் வேலை. இதைத் தம்பியிடம் சொன்னால் முடிந்தது கதை. மறுநாள் காலை அவன் ஷெட்டைத் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்று, அப்பாவையும் சீட்டு ஸ்கிரீனையும் காற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டான். முகம் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது. ஆனால் தொழில்காரன் புத்தி விடுமா? இரண்டரை மணி நேரம் தாமதமானதற்கெல்லாம் மீன் சாகாது என்றான். அவன் எப்போதுமே நாலு மணி நேரம் தாராளமாக வைத்துத்தான் கட்டுவான். அது எனக்கும் தெரியும், நானும் அப்படித்தான் கட்டுகிறேன். அப்படியானால் எப்படிச் செத்தது என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்?" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஏற்கெனவே துடைத்திருந்த தொட்டியை மறுபடி துடைத்தான்.

நான் இவனைத் தூக்கி வளர்த்தவள். இவன் பொய் சொல்லும்போது எதையாவது துடைப்பான். சின்ன வயதில் ஸ்லேட்டு, இப்போது தொட்டி. என்னவோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் பிடுங்கினால் வராது. அதனால் மறுமுனையில் இழுத்துப் பார்க்கலாம் என்று மறுபடியும் அண்ணனைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்தபோது தண்ணீர் எப்படி இருந்தது, மீன் எப்படிக் கிடந்தது, பை எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவனுக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணி பால் மாதிரி கலங்கிக் கிடந்துச்சு. நான் கேட்டது நாப்பது. பொணம் எத்தனை தெரியுமா? நாப்பத்தெட்டு. நல்ல மீனா இருந்தா எவனாவது எட்டு அதிகமா அனுப்புவானா? தொட்டியைக் காலி பண்ண எனக்குத் தள்ளிவிட்டிருக்கான் உன் தம்பி."

பை எட்டு என்றும் சொன்னான். பைக்கு ஐந்து என்றால் நாற்பது. பைக்கு ஆறு என்றால் நாற்பத்தெட்டு. போனை வைத்துவிட்டு ஷெட்டுக்கு நடந்தேன், ஓடினேன் என்றும் சொல்லலாம். என் கால் அதற்குப் பிறகு இரண்டு நாள் வலித்தது. தம்பி ஸ்டூல் மேல் ஏறி மேல் அடுக்குக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். எட்டு மீன் எதற்குக் கூடுதலாகப் போட்டாய் என்று கீழே நின்றபடி கேட்டேன்.

தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்தது. அவன் மூடவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன்.

"அவன் முதல் முதலா கடை திறக்கிறான்" என்றான் தம்பி. "நாப்பதுக்குத்தான் காசு வாங்கினேன். எட்டு என் கணக்குல. இருந்ததுலேயே நல்ல செவப்பு எட்டும். பிரிச்சு எண்ணிப் பார்த்துட்டு, என்னடா இதுன்னு போன் பண்ணுவான்னு நினைச்சேன்."

ஏன்டா அப்போதே சொல்லவில்லை என்றேன். "முதல்லேயே சொல்லிட்டா அது என்ன பரிசு? அப்புறம் அவன் அப்படிக் கேட்டதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்?" என்றான். ஸ்டூலிலிருந்து இறங்கி என் எதிரில் நின்றான். ஒரு பைக்கு ஐந்து என்றால் அந்த எதிர்க்காற்றையும் தாங்கியிருக்கும், ஆறு போட்டதால்தான் போய்விட்டது என்று இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது, கொன்றது நான்தான் என்றான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆள், ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேரையும் சேர்த்துவைத்து நாலு அறை அறையலாம் என்றும் வந்தது. ஒருவன் வீடு வந்த நேரத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தான். ஒருவன் பாசத்தைப் பையில் திணித்தான். இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டி மீனைக் கொன்றது. இதில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் மீன் பிழைத்திருக்கும்.

அவனிடம் சொல்லிவிடாதே என்று தம்பி கேட்டுக்கொண்டான். சரி என்றேன். என் வாயில் ரகசியம் தங்காது என்று தெரிந்தும் என்னிடம் சொன்னது அவன் தப்பு. வீட்டுப் படி ஏறுவதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.  நான் முடித்ததும் போன் துண்டித்துப் போனது. கை தவறியா, வேண்டுமென்றேவா என்று தெரியாமல் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. 'நாற்பது. இந்த வாரமே அனுப்பச் சொல்.'

மீனைப் பட்டினி போட்டோம். கட்டும் நாளில் தம்பி ஒவ்வொரு மீனாக வலையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துப் பிரித்தான். நல்ல சிவப்பாக, துருதுருவென்று இருந்தவற்றில் எட்டைத் தனியாக எடுத்து ஓரத்தில் காலியாக இருந்த தொட்டியில் விட்டான். மறுபடியும் ஆரம்பிக்கிறாயா, பையில் ஒரு மீன் கூடினாலும் உன் கையை ஒடிப்பேன் என்றேன். அது பைக்கு இல்லை, விற்கவும் இல்லை என்றான். மேற்கொண்டு சொல்லவில்லை, நானும் கிண்டவில்லை.

பைக்கு ஐந்து. விமானத்துக்குப் பதினேழு மணி நேரம், இரண்டு பக்கமும் காத்துக் கிடக்க எட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டேன், அதற்கு மேல் தாராளமாக ஆறு. இரட்டைப் பை, மூலையில் மீன் சிக்கிக்கொள்ளாதபடி மூலைகளைக் கட்டி, பையைச் சுற்றிச் செய்தித்தாள் சுற்றி, தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, குளிருக்குச் சூடு தரும் பொட்டலம் ஒன்றை மூடியில் ஒட்டினோம். சாயங்காலம் நானே சரக்கு ஆபீசில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கண்ணாடிக்காரர் பெட்டியைத் தட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கி வைத்தார்.

மறுநாள் முழுக்க நான் போனில் அந்தச் சின்ன விமானப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி நாடுகளின் மேல் அது எறும்பு மாதிரி ஊர்ந்தது. காற்று முகத்தில் அறைகிறது, பைக்குள் நாற்பது உயிர் இருட்டில் மூச்சு விடுகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அண்ணன் அன்று இந்த வழியைத்தான் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். தம்பி போன் பக்கமே வரவில்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எதையாவது தேடிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனான்.

சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கடையின் கதவு இன்னும் பாதி மூடியிருந்தது. தலை நரைத்திருந்தான். தம்பி அதைப் பார்த்திருப்பானா என்று திரும்பினேன். அவன் தொட்டிகளுக்குப் பின்னால் குழாய் எதையோ சரி செய்வது போலக் குனிந்திருந்தான். கையில் குழாய் எதுவும் இல்லை.

அண்ணன் பெட்டியைப் பிரித்தான். செய்தித்தாளை நீக்கிப் பையைக் கடை விளக்குக்கு நேராகத் தூக்கினான். மீன்கள் பையின் அடியில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. இரண்டாவது பை. அதிலும் படுத்துத்தான் கிடந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் முகம் வெளுத்தது. அவன் பையைக் கீழே வைக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"லைட்டை அணைக்கச் சொல்லுக்கா" என்றான் தம்பி பின்னாலிருந்து. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே எழுந்து வந்து என் தோளுக்கு மேல் போனுக்குள் குனிந்தான். "அண்ணா, லைட்டை அணை. இருட்டுல வந்ததுங்க, பயந்து படுத்திருக்கு. பையோட தொட்டியில மிதக்க விடு."

அண்ணன் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தான். பிறகு விளக்கை அணைத்தான். திரை முழுக்க இருட்டு.  இரண்டு ஊரிலும் காற்றுக்குழாய் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் ஒன்றோடொன்று கலந்து கேட்டது. பாதிக் கதவின் வழியாக வெளிச்சம் மெல்லக் கடைக்குள் வந்தபோது பைகள் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தன. முதலில் ஒரு மீன் நிமிர்ந்தது. பிறகு இரண்டு, பிறகு ஒரு பையில் ஐந்தும் எழுந்து தட்டு அடுக்கியது போல நின்றன.

அண்ணன் ஒவ்வொரு பையாகக் குனிந்து விரல் வைத்து எண்ணினான். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.

"நாப்பதுதான் இருக்கு" என்றான்.

"நாப்பதுதானே கேட்டே" என்றான் தம்பி.

"என் எட்டு எங்கடா?"

தம்பி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு போய் ஓரத்துத் தொட்டிக்கு எதிரில் பிடித்தான். எட்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. "இங்க இருக்கு" என்றான். "வந்து எடுத்துக்கோண்ணா. இந்தப் பக்கம் வர்றதுக்குக் காத்து தள்ளி விடுமாம், அக்கா சொல்றா."

 அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பதினாலு மணி நேரம்தானே" என்றான்.